வேதாசலத்தின் பங்காளி

உத்திரமேரூர் வேதாசலத்துக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவர் உண்டு. பாகம் பிரித்ததில் சண்டை இல்லை, வரப்பில் வம்பு இல்லை. ஆனாலும் கடைசி நாலு வருடம் பங்காளிக் காய்ச்சல் அந்த மனிதரைப் பிடித்து ஆட்டியது. பங்காளி அவருடைய சொந்தக் குரல்.

காய்ச்சல் வருகிற உடம்புதான். மைக் பிடித்த இருபத்தொரு வருடத்தில் இன்னொருவர் மைக் பிடித்ததை அவர் பொறுத்ததில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் நடுவில் திக்கினால் அன்றைக்கு வேதாசலம் ரெண்டு கவளம் கூடச் சாப்பிடுவார். ஒரு வருடம் பங்குனி உத்திரத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து நாலு பெட்டி ஸ்பீக்கரோடு வேறு ஆளைக் கூட்டிவந்துவிட்டார்கள். மூன்று நாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மனைவி கனகா திருவிழாக் கடையில் பொரி வாங்கிவந்து வைத்தாள். அதைத் தொடவில்லை.

"பொரி இன்னா பண்ணுச்சு உன்ன?" என்று கேட்டாள்.

"அவன் பேசிக்கினு இருக்கசொல்லோ வாங்கினதுதானே?"

1981இல் வாடகை சைக்கிளில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி ஆரம்பித்தது. பிறகு ஆட்டோ. கண் சிகிச்சை முகாம், உரக்கடைத் திறப்பு, காணாமல் போன மாடு, கோயில் விழா, கபடிப் போட்டி, எழவு. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாய்தான். ஆம்ப்ளிஃபயரிலேயே டேப்பை மாட்டித் தான் பேசுவதைப் பதிவு செய்துகொள்வார். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்பார். பிறர் குரல் ஆகாத மனிதருக்குத் தன் குரல் அலுக்கவே இல்லை. அப்படிச் சேர்ந்தவை பதினான்கு கேசட். தொண்ணூறு நிமிடக் கேசட்டுகள். கணக்குப் போட்டால் இருபத்தொரு மணி நேரம்.

சுற்றுவட்டாரத்தில் அந்தக் குரலுக்கு ஒரு பாஷை இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லும்போது கடைசியில் தூக்கினால் நல்ல சேதி. இழுத்து, மெள்ளக் கீழே இறக்கினால் எழவு. செத்தவர் பெயர் வருவதற்கு முன்பே, ஊர்ப் பெயரிலேயே ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். வயலில் இருப்பவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்வார்கள். யாரும் உட்கார்ந்து ஏற்படுத்திய முறை இல்லை. இருபது வருடம் கேட்ட பழக்கம்.

2002 தை மாதம் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே இருந்தது. செங்கல்பட்டில் பரிசோதித்தபோது குரல்வளையில் கட்டி என்றார்கள். முப்பத்துமூன்று நாள் கழுத்தில் கரன்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுச் சிகிச்சை. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. வாயைத் திறந்தால் காற்று வந்தது. அந்தக் காற்றைப் பல்லிலும் நாக்கிலும் பிடித்து வார்த்தையாக்கிப் பேசக் கற்றுக்கொண்டார். மூன்றடி தள்ளி நின்றால் கேட்காது.

ஜெகன் வந்தது அப்போதுதான். முப்பது வயது. தாம்பரத்தில் வளர்ந்தவன், பெண் எடுத்தது உத்திரமேரூரில். பேருந்து நிலையத்துக்கு எதிரே உரக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, 'டிஜிட்டல் ரெக்கார்டிங்' என்று போர்டு மாட்டினான். நல்ல பையன்தான். அதுவே வேதாசலத்துக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணா, கேசட்டுலாம் பூஞ்ச புடிச்சிக்கும். குடு, கம்ப்யூட்டர்ல ஏத்தி சிடி போட்டுத் தரேன்" என்றான்.

கொடுத்தார். மூன்று சிடி வந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

நாலு மாதம் கழித்து வேதாசலம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். வந்தவாசி சாலையிலிருந்து ஆட்டோ ஒன்று வந்தது. "பெருமக்களே! வருகின்ற ஞாயிற்றுக்கிழமை... மாபெரும்... இலவச கண் சிகிச்சை முகாம்!" அவர் குரல். 1998இல் சொன்னது. கிழமையும் தேதியும் மட்டும் வேறு. அந்தத் தேதியை அவர் சொன்னதே இல்லை.

டீக்கடைக்காரர் சொன்னார்: "இன்னா வேதாசலம், குரலு வந்துருச்சா? முன்ன வுட கணீர்னு கீது!"

கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். செத்தவன் தன் திவசச் சாப்பாட்டை வாசலில் நின்று பார்ப்பதைப் போல இருந்தது.

வீட்டில் இன்னும் மோசம். ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தபோது கனகா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் கையோடு எழுந்து வாசலுக்குப் போனாள். ஆட்டோ கோயில் பக்கம் திரும்பும்வரை நின்றாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெட்கம்.

"நான் பத்து தபா கூப்ட்டா திரும்ப மாட்ட. அது கூப்ட்டா எய்ந்து ஓட்ற" என்றார் வேதாசலம், காற்றாக.

"எதுய்யா? அதுவும் நீதானே?"

"நான் இங்க கீறேன்."

"த்தூ. தன் குரலு மேலயே பொறாமப்படற மனுசன இப்பதான் பாக்குறேன்" என்று சிரித்தாள் கனகா. சிரித்தது தப்பாகப் போயிற்று. இரண்டு நாள் பேசவில்லை. அவர் பேசாமலிருந்தாலும் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜெகனிடம் போய்க் கேட்கவும் ரோஷம் விடவில்லை. கொடுத்தது அவர்தானே. ஒரு வருடம் இப்படியே ஓடியது. ஆட்டோச் சத்தம் கேட்டால் எதிர்த்திசையில் நடப்பார். இரண்டு முறை வயலில் இறங்கியே போயிருக்கிறார்.

2003 ஆடியில் மானாம்பதி சமாசாரம் நடந்தது.

மானாம்பதி பச்சையம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை கூழ்வார்த்தல். ஞாயிற்றுக்கிழமையே காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் ஊருக்குள் எழவுப் பேச்சே கூடாது. உள்ளூர்க்காரர் வெளியூரில் தங்கமாட்டார்கள், சாவுக்குப் போகமாட்டார்கள். விழாவை ஆட்டோவில் சொல்ல ஜெகனிடம் கொடுத்திருந்தார்கள். அவன் வேதாசலத்தின் பழைய பதிவுகளிலிருந்து வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கி ஒட்டினான். 'அருள்மிகு' ஓரிடத்திலிருந்து, 'பச்சையம்மன்' ஓரிடத்திலிருந்து, 'கூழ்வார்த்தல் பெருவிழா' இன்னோரிடத்திலிருந்து. 'மானாம்பதி'யைத் தேடியபோது முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டான். அது 1995இல் யாரோ ஒருவரின் எழவு.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோ மானாம்பதிக்குள் நுழைந்தது. கூம்பிலிருந்து முதல் வார்த்தை வந்தது. "மா...னாம்...பதி..." இழுத்து, மெள்ளக் கீழே இறங்கி.

நாற்று நட்டுக்கொண்டிருந்த செங்கேணி கையிலிருந்த நாற்றுக் கட்டைப் போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினாள். மாமியார் நாலு மாதமாகப் படுக்கை. மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "யாருடி போய்ட்டாங்க?" என்று இவளைக் கேட்டாள். ஊரே தெருவில் நின்றது. பின்னால் வந்த கூழும் அம்மனும் யார் காதிலும் விழவில்லை. காப்புக் கட்டின ஊரில் எழவுச் சத்தம் கேட்டாயிற்று.

பகல் பன்னிரண்டுக்குக் கோயில் தருமகர்த்தா தாண்டவராயன் டிவிஎஸ் ஃபிப்டியில் வேதாசலத்தின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அறுபது தாண்டியவர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ் வேதாசலம்! எங்க ஊருக்கு இன்னாய்யா வாய் வச்ச? கூழு ஊத்தற சேதி சொல்லச் சொன்னா எயவு சொல்லிகீற!"

"நான் சொல்லல."

"இன்னா? கேக்கல."

"நான் சொல்லல" என்று கிட்டே வந்து சொன்னார்.

"உன் வாயி எனக்குத் தெரியாதா? எங்கப்பன் சாவுக்கே நீதான்யா சொன்ன."

"வாய் என்துதான். சொன்னது நான் இல்ல."

தாண்டவராயன் இதைப் புரிந்துகொள்ள முயன்றார். முடியவில்லை. திண்டாட்டத்தில் குரல் உயர்ந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கெயமைக்குள்ள ஊர்ல ஒரு கோயிக் குஞ்சு செத்தாலும் உன் பேருதான். எந்த வாய் கெட்டது சொல்லுச்சோ அந்த வாய் வந்து நல்லது சொல்லணும். நாளிக்கிக் காத்தால ஊரச் சுத்தி வரணும். வேற ஆள வுட்டுச் சொன்னா செல்லாது. அம்மா காலடியில கேட்டுக்கினுதான் வரேன்."

"என் வாய்ல குரலு இல்லியே."

"அத்த நீ பாத்துக்கோ" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

வேதாசலம் சட்டையை மாட்டினார். ஒரு வருடமாக ஏறாத மாடிப்படியை ஏறினார்.

ஜெகனுக்குச் சேதி முன்பே வந்திருந்தது. "அண்ணா, அதே ஊரு பேரு, அதே வாய்ஸ். நான் கரெக்டாதானே ஒட்டினேன்? இன்னா வித்தியாசம்னே தெரிலண்ணா." பொய் இல்லை. தாம்பரத்துக் காது. இந்தப் பக்கத்து எழவு கேட்டு வளர்ந்ததில்லை.

வேதாசலத்துக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அவனுக்குத் தெரியாது. மிஷினுக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அந்தச் சுகத்தை அனுபவித்தார். பிறகு தாண்டவராயன் ஞாபகம் வந்தது. கெட்ட பெயர் மிஷினுக்கு இல்லை.

"தேடு" என்றார். "நல்ல மானாம்பதி ஒண்ணு எங்கியாவது இருக்கும்."

ஜெகன் ஒரு ஃபைலைத் திறந்தான். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு கோடு இடமிருந்து வலமாக நீண்டது, நடுநடுவே புடைத்தும் ஒடுங்கியும். "கோடு உப்பினா சத்தம்ணா. படுத்தா சும்மா. இங்க கிளிக் பண்ணா அங்கேர்ந்து பாடும்." ஓரிடத்தில் அழுத்தினான். பேசியது. இன்னோரிடத்தில் அழுத்தினான். இருபத்தொரு மணி நேரத்தை அங்கங்கே குத்திப் பார்ப்பதுதான் அவனுக்குத் தெரிந்த தேடல். முதல் கேசட் முடிவதற்குள் மணி இரண்டு.

வேதாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புடைப்பு திரும்பத் திரும்ப வந்தது. தலை பெருத்து, வயிறு ஒடுங்கி, வால் விரிந்த கெண்டை மீன் மாதிரி. அது வரும்போதெல்லாம் 'பெருமக்களே' என்று கேட்டது. மூச்சு வாங்கும் இடம் சின்னத் தூசி மாதிரி தெரிந்தது. எழவு அறிவிப்பென்றால் மலைச் சரிவு போல மொத்தக் கோடும் இறங்கியது. அரை மணி நேரத்தில் கேட்காமலே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அத்த வுடு, எயவு. அடுத்தது. அதுவும் எயவு. தள்ளு. அது மாடு."

"மாடா?"

"காணாமப் போன மாடு. போட்டுப் பாரு."

போட்டான். மாடுதான். ஜெகன் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான். மவுஸ் முதலில் பிடி கொடுக்கவில்லை, அம்பு திரையில் கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. பிறகு பழகியது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பேசும், தட்டினால் நிற்கும். இழுத்துக் குறித்துப் பெரிதாக்கினால் ஒரே வார்த்தை திரை முழுக்க விரியும். நாலு மணிக்குள் ஒன்பது கேசட் தாண்டினார். மானாம்பதி இருபத்தேழு முறை வந்தது. இருபத்தேழும் எழவு. விழாவென்றால் அந்த ஊர்க்காரர்கள் அப்போதெல்லாம் காஞ்சிபுரத்து நாலு பெட்டியைத்தான் கூப்பிட்டார்கள். சாவுக்கு மட்டும்தான் இவர். பழைய எரிச்சல் புதுசாக வந்தது.

ஜெகன் டீ வாங்கக் கீழே போனான்.

தனியாக இருந்தபோது வேதாசலம் சும்மா ஒரு துண்டைப் போட்டுக் கேட்டார். 1994. உரக்கடைத் திறப்பு விழா. ஒன்றுமில்லாத சேதி. அந்தக் குரல் அதைக் கல்யாணம் மாதிரி சொன்னது. கோடு திரையின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தொட்டுப் புடைத்து நின்றது. நாற்பது வயதுக்காரனின் குரல். எவ்வளவு திமிர். கனகா எழுந்து ஓடியதில் என்ன தப்பு?

மைக் மேஜையிலேயே இருந்தது. ஜெகன் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானைக் காட்டியிருந்தான். அழுத்திவிட்டு, "பெருமக்களே" என்றார். திரையில் கோடு படுத்தபடியே நகர்ந்தது. மீன் இல்லை. தூசிகூட இல்லை.

பழைய ஃபைலுக்குத் திரும்பினார். முழுவதையும் குறித்தார். கறுப்புத் திரை வெளுப்பாக மாறியது. டெலிட் என்ற பொத்தானைத் தட்டினார்.

கோடு போயிற்று. வெறும் கறுப்பில் நேராக ஒரு பச்சை இழை. ஸ்பேஸ் பாரைத் தட்டினார். சத்தம் இல்லை. இப்போது இரண்டு பேரும் சமம். கீழே பஸ் நடத்துனர் வந்தவாசி வந்தவாசி என்று கூவுவது கேட்டது. வேதாசலத்துக்கு வருடக்கணக்கில் இல்லாத நிம்மதி வந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. படியில் ஜெகனின் செருப்புச் சத்தம் கேட்டது. செய்ததை மாற்றும் பொத்தானைத் தட்டினார். எல்லாம் திரும்பி வந்தது, விளிம்பைத் தொட்டபடி.

"இன்னாண்ணா, வேர்த்துக் கீது?"

"ஃபேனப் போடு."

பன்னிரண்டாவது கேசட்டில் கிடைத்தது. 1996 பொங்கல், கபடிப் போட்டி. நேர்முக வர்ணனை. "ஏறிட்டாரு! தொட்டுட்டாரு! மானாம்பதி!" அப்படியொரு உற்சாகம். பின்னால் கூட்டம் கூவுகிறது. வேதாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் 'பதி'யின் மேல் நடுவரின் விசில் விழுந்திருந்தது. கோயில் விழாவில் விசில் கேட்டால் தாண்டவராயன் வேறு அர்த்தம் எடுப்பார்.

"விசில எடுக்க முடியுமா?"

"எடுத்தா உன் வாய்ஸும் கூடவே போயிடும்ணா. பேஜாரு."

வேதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "திருப்பதி பஸ்ஸு" என்றார். திருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விட்டபோது அவர் சொன்ன அறிவிப்பு இரண்டாவது கேசட்டில் இருந்தது. அதிலிருந்து 'பதி'யை மட்டும் வெட்டினார். கபடியிலிருந்து 'மானாம்'. இரண்டையும் ஒட்டிப் போட்டார்கள். முடிச்சு விழுந்த மாதிரி கேட்டது. பெரிதாக்கிப் பெரிதாக்கி, கோடு நடு இழையைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்டினார். திரும்பவும் முடிச்சு. ஜெகன் பொறுமையில்லாமல் மவுஸுக்குக் கை நீட்டினான். வேதாசலம் புறங்கையில் ஒரு அடி வைத்தார்.

"என் வாயி. நான் அறுக்கறேன்."

பதினோராவது தடவை ஒட்டியது. கூட்டத்தின் கூச்சலோடு, கடைசியில் தூக்கி, "மானாம்பதி!"

வியாழக்கிழமை காலை ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் வேதாசலமும் ஏறிக்கொண்டார். எந்த வாய் சொன்னதோ அந்த வாய் வரவேண்டும் என்றல்லவா உத்தரவு. மூடிய வாயோடு போனார். ஊர் எல்லையில் கூம்பு பேசியது. செங்கேணியின் மாமியார் வாசலில் உட்கார்ந்து கேட்டாள். "ம்ம். இத்தான் சேதி" என்றாள். கோயில் முன்னால் தாண்டவராயன் தேங்காய் உடைத்தார். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூம்பைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வண்டிக்குள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"உன் ஜெகன் பையன் சோக்கா பண்ணிட்டான்யா" என்றார் தாண்டவராயன், திருநீறு கொடுத்துவிட்டு.

"நான் ஒட்டினது" என்றார் வேதாசலம், காற்றாக. தாண்டவராயனுக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கே ஜெகனிடம் பேசி முடித்தார். தன் குரலைத் தான் இல்லாமல் யாரும் வெட்டக் கூடாது. ஒரு மூச்சைக்கூட. ஜெகனும் ஒத்துக்கொண்டான், மானாம்பதிக்குப் பிறகு அவனுக்கே பயம். மறுநாளிலிருந்து தினமும் காலை பத்திலிருந்து ஒன்று வரை அந்த மாடி. பதினான்கு கேசட்டையும் வார்த்தை வார்த்தையாக அறுத்துத் தனித்தனி ஃபைலாக்கினார். ஒவ்வொரு ஊரும் இரண்டு: ஏற்றம், இறக்கம். கிழமை ஏழு. தேதி முப்பத்தொன்று. சாமிகள், உரங்கள், கட்சிகள். ஒரு கட்சிக்காரர் வந்து, எதிர்க்கட்சியைத் திட்ட அந்தக் குரலில் நாலு வார்த்தை ஒட்டித் தரச்சொன்னார். "அது திட்னது கெடியாது" என்று அனுப்பிவிட்டார். குரலை 'அது' என்றுதான் சொல்வார். மரியாதையும் இல்லை, உறவும் இல்லை. வீட்டில் வேலைக்காரனைப் பற்றிப் பேசுகிற தோரணை.

"எப்பிடி கீது உன் சக்களத்தி?" என்று கனகா மதியச் சோறு போடும்போது கேட்பாள்.

"இன்னிக்கி நாலு எடத்துல தப்பா மூச்சு வாங்கிகீது. அறுத்துப் போட்டேன்" என்பார், திருப்தியாக.

மகள் கீர்த்தி காஞ்சிபுரம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் போர்டு டெஸ்டிங்கில் இருந்தாள். லீவில் வந்தபோது ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்த்தாள். வெட்டும் இடத்தில் இரண்டு துண்டையும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஒன்றைத் தணித்து ஒன்றை உயர்த்தினால் ஒட்டு தெரியாது, அதற்கு மெனுவிலேயே வழி இருக்கிறது என்று காட்டினாள். வேதாசலம் பார்த்தார்.

"நல்லாதான் கீது" என்றார். "ஆனா அது ரெண்டும் எங்க சேருதுன்னே தெரிலியே."

"அதுக்குத்தான நைனா."

"தெரியணும். நான் ஒட்டினதுன்னு தெரியணும்."

அதன்பிறகு அவள் அந்த மாடிக்குப் போகவில்லை. போயிருக்கலாம்.

2006இல் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை கரன்ட் வைக்கவில்லை. ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு முடிந்தது. அன்று கீர்த்திக்கு முதல் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் பாதி வழியில் சேதி கிடைத்தது. இறங்கி எதிர்ப் பக்கம் நின்று பஸ் பிடித்து வந்தாள்.

எட்டரைக்கு ஜெகன் வந்தான். மாலையை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஊருக்குச் சொல்லணும்மா. வேற யார் வாய்ஸ்லயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அவரே ரெடி பண்ணி வச்சிகீறாரு. வந்து கேளு."

மாடிக்குப் போனாள். ஃபைலைத் திறந்தான். "காலைல, மதியம், ராத்திரின்னு மூணு போட்டு வச்சிகீறாரு. எப்ப ஆனாலும் ஆவட்டும்னு." காலையைப் போட்டான்.

"உத்திரமேரூர்..." இழுத்து, இறக்கி. "மைக் செட் வேதா...சலம் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாரின் இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணியளவில் அவரது இல்லத்திலிருந்து புறப்படும்."

பெயரில் ஒட்டு கேட்டது. அவள் கேட்பதற்கு முன்பே ஜெகன் சொன்னான். ஒவ்வொரு அறிவிப்பின் முடிவிலும் அவர் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார், நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாம் ஏற்றம். இறக்கிச் சொன்னது ஒன்றுகூட இல்லை. மருதம் கிராமத்தில் செத்துப்போன வேதாந்தம் என்பவரிடமிருந்து முதல் பாதியையும், களியாம்பூண்டியில் செத்துப்போன அருணாசலம் என்பவரிடமிருந்து அடுத்த பாதியையும் எடுத்தாராம். ஆறு நாள் ஆயிற்றாம்.

"சரி பண்ணிடவாம்மா? நீ காட்டின மாதிரி?"

"வேணாம்."

ஆட்டோ புறப்பட்டது. பன்னிரண்டு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. சித்தப்பா வீராசாமி வந்து நின்றார்.

"கீர்த்தி, மழ வருதும்மா. ரெண்டு மணிக்கே எட்த்துடலாம். சுடுகாட்டுப் பாத சேறாயிடும். நாலு மணிக்கு ராகுகாலம் வேற. ஜெகன்கிட்ட சொல்லு, டைம மாத்திடட்டும்."

"ரெண்டு இருக்குது அண்ணன் வாய்ஸ்ல" என்றான் ஜெகன். "ரெண்டே நிமிசம்."

"ஏன் நாலு வச்சாரு?" என்று கீர்த்தி கேட்டாள்.

ஜெகன் தயங்கினான். "நாலு மணிக்குத்தான் காஞ்சிபுரம் பஸ்ஸு ரெண்டு ஒண்ணா வந்து நிக்குமாம். ஸ்கூலும் வுடுமாம். கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்னாரு. நாலு பொட்டி வச்சிருந்த காஞ்சிபுரத்தான் போன வருசம் செத்தான் இல்ல? அவனுக்கு ஜனம் ரொம்ப வந்துட்டுதாம்."

வீராசாமி தலையில் அடித்துக்கொண்டார். "சாவுலயுமா?"

"நாலு மணிக்கு சித்தப்பா" என்றாள் கீர்த்தி. "அவரு சொன்னது நாலு. ஊரெல்லாம் சொல்லியாச்சு."

மழை மூன்றரைக்குப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகமுடியாமல் கடை ஓரங்களில் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். நாலு மணிக்கு எடுத்தார்கள். கூட்டம் ஜாஸ்திதான்.